திறப்பு சுற்றுகிறது, நாக்கு அசையவில்லை: குமிழ்ப் பூட்டின் சிலிண்டரை வீட்டுச் சாமான்களைக் கொண்டு கழற்றுவது

மட்டக்களப்புக் கல்லடியில் வாடகை வீடு, அறைக் கதவில் உருண்டைக் குமிழ்ப் பூட்டு. வெளிப்பக்கம் திறப்பைப் போட்டால் சும்மா சுற்றுகிறது, பூட்டின் நாக்கு உள்ளே இழுபடவில்லை. உள்பக்கக் குமிழைத் திருப்பினால் மட்டும் ஒழுங்காகத் திறக்கிறது. ஓடாவி வர இரண்டு நாள் ஆகும், வீட்டில் இருப்பது ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவரும் சமையலறைச் சாமான்களும்தான், இவற்றை வைத்துச் சிலிண்டரைக் கழற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றலாம், அரை மணி நேர வேலை. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: பழுது சிலிண்டரில்தானா, சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதுமா? அதையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன், இல்லாவிட்டால் கழற்றி வைத்துவிட்டு மேசையில் கிடக்கும் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டிவரும்.

முதலில் கதவைத் திறந்த நிலையில் நிறுத்துங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு வீச்சில் கதவு அறைந்து மூடிவிடும். பூட்டுப் பாதி கழன்ற நேரத்தில் அப்படி மூடினால் இரண்டு பக்கத்திலும் பிடிக்கக் குமிழ் இருக்காது. கதவுக்கும் நிலைக்கும் இடையே பிணைச்சல் பக்கம் மடித்த சாக்கையோ பழைய செருப்பையோ செருகிவிடுங்கள். தப்பித் தவறி மூடிக்கொண்டாலும் பயப்படத் தேவையில்லை. குமிழ் கழன்ற துளைக்குள் பார்த்தால் நாக்கின் வால் பகுதி தெரியும். ஸ்குரூ டிரைவரால் அதைப் பிணைச்சல் பக்கமாகத் தள்ளினால் நாக்கு உள்வாங்கிக் கதவு திறக்கும்.

இந்த வகைப் பூட்டு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் கழற்றுவது தானாக விளங்கும். பழைய பெட்டிப் பூட்டுக்குக் கதவின் விளிம்பில் உளியால் ஆழமாகக் குடைய வேண்டும். ஜெர்மனியில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் தொழில் செய்த வால்டர் ஷ்லாகே 1920களில் பரப்பிய உருளைப் பூட்டுக்கு இரண்டு வட்டத் துளைகள் போதும்: கதவின் முகத்தில் ஒரு பெரிய துளை, விளிம்பில் ஒரு சிறிய துளை. பெரிய துளைக்குள் பூட்டின் உடல் இருக்கிறது, சிறிய துளைக்குள் நாக்கு. இரண்டும் நடுவில் ஒன்றையொன்று கொக்கியாகப் பிடித்துக்கொள்ளும். வெளிக் குமிழுக்குள் திறப்புப் போடுகிற சிலிண்டர் ஒளிந்திருக்கிறது. அதன் பின்பக்கத்திலிருந்து ஒரு தட்டையான உலோக வால் நீண்டு பூட்டின் உடலுக்குள் போகிறது. நீங்கள் திறப்பைத் திருப்பும்போது வால் திரும்புகிறது, வால் உடலைத் திருப்புகிறது, உடல் நாக்கை இழுக்கிறது. பூட்டைப் பொருத்தும்போது வெளிப்பாதி முதலில், உள்பக்கக் குமிழ் கடைசியில் என்ற ஒழுங்கில்தான் எல்லாம் பொருந்துகிறது. அதனால் கழற்றும் ஒழுங்கு உள்பக்கத்திலிருந்தே தொடங்கும். எந்த இடத்திலாவது பலம் போட வேண்டியிருந்தால், அதற்கு முந்திய ஒரு படியை விட்டுவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம்.

இப்போது பழுதுக்கு வருவோம். உள் குமிழ் நாக்கை இழுக்கிறது என்று எழுதியிருப்பதால் நாக்கும் அதன் வில்லும் நல்ல நிலையில் இருக்கின்றன, இதில் சந்தேகம் இல்லை. திறப்பு தடையே இல்லாமல் சுற்றுவதால் சிலிண்டருக்குள் இருக்கும் பின்கள் என்ற சிறு உலோகக் குச்சிகளும் திறப்பை ஏற்றுக்கொள்கின்றன. மிஞ்சுவது அந்த வால். அது முறிந்திருக்கலாம், அல்லது அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் சிறு வளைய கிளிப் கழன்று வால் பின்னுக்குச் சரிந்திருக்கலாம். இரண்டில் எது என்பதைக் கழற்றிப் பார்க்காமல் சொல்ல முடியாது. முறிந்திருந்தால் மாற்ற வேண்டும், கிளிப் மட்டும் கழன்றிருந்தால் திரும்பப் போட்டுவிடலாம். இதே பக்கத்தை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: திறப்பு உள்ளே போகாமல் அல்லது திரும்பாமல் நின்றால் அது பெரும்பாலும் அழுக்கோ களிம்போதான், கழற்றுமுன் சுத்தம் செய்து பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது பூட்டு நன்றாக வேலை செய்து, மூடினால் மட்டும் மறுத்தால் பூட்டில் குற்றம் இல்லை. மாரி மழையில் பலகை ஊதியிருக்கும், அல்லது பிணைச்சல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கும். நிலையில் உள்ள தகட்டின் துளையை நாக்கு தப்பிப் போகிறது. அதற்குச் சிலிண்டரை மாற்றுவது காசை வீணாக்குவதுதான்.

சாமான்கள். ஸ்டார் ஸ்குரூ டிரைவர் உங்களிடம் இருக்கிறது, அது இல்லாமல் இந்த வேலை நடக்காது. அதோடு ஒரு மெல்லிய, வளையாத கம்பி வேண்டும். பலரும் பேப்பர் கிளிப்பை எடுப்பார்கள், அது வளைந்துவிடும். பழைய சைக்கிள் கம்பி ஒன்று நல்லது, சுமார் 2 மி.மீ தடிப்பு, எஃகு, வளையாது. ஒன்றரை அங்குல ஆணியும் சரிவரும், ஆனால் அதன் கூர்முனையைச் சிமெந்துத் தரையில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். கூராக இருந்தால் கொக்கியின் மேல் நழுவிப் பக்கத்தில் குத்திவிடும். தகட்டைக் கிளப்ப மேசைக் கத்தி அல்லது கரண்டிக் காம்பு, அதன் அடியில் வைக்க ஒரு மட்டைத் துண்டு. குமிழ் கையில் வழுக்கினால் சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றிப் பிடியுங்கள். கழற்றும் துண்டுகளைப் போட ஒரு வெள்ளைத் தட்டு, ஸ்குரூ உருண்டு கட்டிலுக்குக் கீழே போகாமல் இருக்க.

முதலில் உள்பக்கத்தைப் பாருங்கள். குமிழைச் சுற்றியுள்ள வட்டத் தகட்டில் இரண்டு ஸ்குரூத் தலைகள் வெளியே தெரிந்தால் உங்களுக்கு வேலை மிச்சம், குமிழைக் கழற்றாமலே அவற்றைத் திருகி எடுத்துவிடலாம். தெரியாவிட்டால் குமிழின் கழுத்தைப் பாருங்கள். குமிழ் தகட்டைச் சந்திக்கிற அந்த ஒடுங்கிய பகுதியில் ஒரு சிறு துளை அல்லது கீறல் போன்ற வெட்டு இருக்கும். வெளிச்சம் பிடித்துக் குமிழை மெதுவாகத் திருப்பிக்கொண்டே தேடுங்கள், சில நேரம் அது கீழ்ப்பக்கம் இருக்கும், சில நேரம் பெயின்ற் அடைத்திருக்கும். அந்தத் துளைக்குள் ஒரு சிறு உலோகப் பல் மின்னும். அதுதான் குமிழைப் பிடித்துவைத்திருக்கும் கொக்கி. கம்பியைச் செங்குத்தாக உள்ளே விட்டு அந்தப் பல்லை அழுத்துங்கள். வில்லின் எதிர்ப்பு விரலுக்குத் தெரியும், ஏறத்தாழ 2 மி.மீ உள்ளே போகும். அழுத்தியபடியே மற்றக் கையால் குமிழை நேராக உங்கள் பக்கம் இழுங்கள், கழன்று வரும்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள், காரணமும் ஒன்றுதான்: முதலில் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு பிறகு கொக்கியை அழுத்துகிறார்கள். இழுக்கும்போது கொக்கி துளையின் விளிம்பில் இறுகி நிற்கும், எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. குமிழை முதலில் கதவுப் பக்கமாகச் சற்றுத் தள்ளுங்கள், கொக்கி தளரும், அப்போது அழுத்துங்கள், அதன் பிறகு இழுங்கள். தள்ளு, அழுத்து, இழு என்ற அந்த ஒழுங்கு மாறக்கூடாது. உப்புப் பிடித்து இறுகியிருந்தால் துளைக்குள் இரண்டு மூன்று துளி மண்ணெண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி முயலுங்கள். மண்ணெண்ணெய் விட்ட இடத்துக்குக் கிட்ட அடுப்பும் வேண்டாம், சிகரெட்டும் வேண்டாம். சுத்தியலால் மட்டும் தட்டாதீர்கள். மலிவான பூட்டுகளின் உள்ளுடல் துத்தநாக வார்ப்பு, அடித்தால் வளையாது, பிஸ்கட் மாதிரி உடைந்துவிடும்.

குமிழ் வந்தபின் அந்த அலங்காரத் தகடு. விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினால் ஒரு இடத்தில் சிறு பள்ளம் படும். அதில் கத்தியின் நுனியைக் கொடுத்து, கதவில் கீறல் விழாமல் மட்டையை அணைத்துக்கொண்டு நெம்புங்கள். சில வகைகளில் தகடு மரையாக இருக்கும், இடப்பக்கமாகச் சுற்றினால் கழன்றுவிடும். ஆகவே நெம்புமுன் ஒரு தரம் கையால் சுற்றிப் பாருங்கள். தகட்டுக்குக் கீழே இன்னொரு உலோகத் தட்டு, அதில் நீண்ட இரண்டு ஸ்குரூக்கள். அவைதான் உள்பாதியையும் வெளிப்பாதியையும் கதவை நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டிருப்பவை. இரண்டாவதைக் கழற்றும்போது வெளிக் குமிழை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் அது மறுபக்கம் விழுந்து தரையில் டைல்ஸை உடைக்கும்.

கல்லடி, நாவலடி மாதிரிக் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற இடங்களில் இந்த இரண்டு ஸ்குரூக்களும் துருப்பிடித்து இறுகியிருப்பது சாதாரணம். டிரைவரின் நுனி தலைக்குள் ஆடினால் உடனே நிறுத்துங்கள், இன்னும் இரண்டு திருப்பில் தலை தேய்ந்து வட்டக் குழியாகிவிடும். தலைக்கும் டிரைவருக்கும் இடையே அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை வைத்து உடம்புப் பாரத்தைக் கொடுத்து அழுத்தியபடி மெதுவாகத் திருப்புங்கள். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பிவிட்டுப் பிறகு தளர்த்தினால் துரு நொறுங்கி விட்டுக்கொடுக்கும். தலையே போய்விட்டால் இனி அது வீட்டுச் சாமானில் முடிகிற வேலை அல்ல, ட்ரில் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

ஸ்குரூக்கள் வந்தபின் உள்தட்டு கையோடு வரும், வெளிப்பாதியை மறுபக்கம் நேராக இழுத்தால் அதுவும் வரும். சிலிண்டர் வேலைக்கு நாக்கைக் கழற்றத் தேவையில்லை. முழு செட் மாற்றுவதாக இருந்தால் மட்டும் கதவு விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு ஸ்குரூக்களை எடுத்து அதை வெளியே இழுங்கள்.

இப்போது கையில் வெளிக் குமிழும் பூட்டின் உடலும் சேர்ந்த துண்டு இருக்கிறது. சிலிண்டர் அந்தக் குமிழின் வயிற்றுக்குள். இங்கேதான் திறப்புத் தேவைப்படுகிறது. திறப்பைப் போட்டுக் கால் சுற்றுத் திருப்பிப் பிடியுங்கள், அப்போதுதான் குமிழின் கழுத்துத் துளைக்கு நேரே உள்ள கொக்கி விடுபடும் நிலைக்கு வரும். அந்த நிலையில் கம்பியால் அழுத்திக் குமிழை இழுங்கள். உங்கள் பூட்டில் வால் கழன்றிருப்பதால் கால் சுற்றில் விடுபடாமல் போகலாம், அப்படியானால் திறப்பைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஒவ்வொரு இடத்திலும் அழுத்திப் பாருங்கள். திறப்பே தொலைந்தவர்கள் கவனியுங்கள்: திறப்பு இல்லாமலே முழுப் பூட்டையும் கதவிலிருந்து எடுத்துவிடலாம், அதில் தடை ஒன்றும் இல்லை, கதவு திறந்திருக்க வேண்டும் அவ்வளவுதான். வெளிக் குமிழிலிருந்து சிலிண்டரைப் பிரிப்பதுதான் திறப்பு இல்லாமல் முடியாது. அவர்கள் அந்தத் துண்டை அப்படியே திறப்பு வெட்டும் கடைக்குக் கொண்டுபோகலாம், அல்லது புது செட் வாங்கிவிடலாம்.

குமிழின் பின்வாயில் ஒரு மூடி இருக்கும். மேசைக் கத்தியின் முனையால் சுற்றிவரக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் மூடி வரும், சிலிண்டரைப் பின்பக்கமாகத் தள்ளி எடுக்கலாம். எடுத்தவுடன் வாலைப் பாருங்கள். நடுவில் முறிந்து ஒரு பாதி உடலுக்குள்ளேயே தங்கியிருக்கும், அல்லது முழு வாலும் தளர்ந்து ஆடும். ஆடினால் சிலிண்டரின் பின்முனையில் ஒரு மெல்லிய பள்ளம் ஓடுவதைக் காண்பீர்கள். அதில் இருக்க வேண்டிய வளைய கிளிப் குமிழுக்குள் விழுந்து கிடக்கும், தட்டின் மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். வாலை அதன் இடத்தில் வைத்துக் கிளிப்பைப் பள்ளத்துக்குள் அழுத்தினால் உங்கள் பழுது தீர்ந்தது, செலவும் இல்லை. வால் எந்தத் திசையில் நின்றது என்பதைக் கழற்றும்போதே போனில் படம் எடுத்துவையுங்கள், கால் சுற்று மாறிப் பொருத்தினால் திறப்பைப் பூட்டின நிலையில்தான் வெளியே எடுக்க வரும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கிளிப் இல்லாத சிலிண்டரில் திறப்பைப் போட்டு முன்பக்கமாக இழுக்க வேண்டாம். திறப்புப் போகும் உள் உருளை கையோடு வந்துவிடும், அதன் மேல் நிற்கும் பின்களும் மயிரளவு வில்களும் தெறித்துப் போகும். பெரும்பாலான பூட்டுகளில் ஐந்து சோடிப் பின்கள், நீளம் வேறு வேறு, எது எந்தக் குழியில் இருந்தது என்று பிறகு கண்டுபிடிப்பது வீட்டில் முடிகிற காரியம் அல்ல. லைனஸ் யேல் இளையவர் 1861இல் காப்புரிமை பெற்ற அதே அமைப்புத்தான் இன்றும் உள்ளே இருக்கிறது: திறப்பின் பற்கள் ஒவ்வொரு பின்னையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால் மட்டுமே உருளை திரும்பும். பின்கள் இடம் மாறிவிட்டால் உங்கள் திறப்பும் அந்தப் பூட்டுக்கு அந்நியத் திறப்புத்தான்.

கழற்றியது கழற்றியாயிற்று, சுத்தம் செய்துவிடுங்கள். மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் பூட்டைக் கெடுப்பது உப்புக் காற்று பாதி, தேங்காய் எண்ணெய் பாதி. திறப்பு இறுகினால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. விட்ட அன்று சுகமாகத் திரும்பும். நாளாக நாளாக அந்த எண்ணெய் பிசினாகி, கடற்கரை மணலின் பொடியைப் பிடித்துவைத்து, பின்கள் எழும்ப முடியாமல் செய்துவிடும். சிலிண்டரை மண்ணெண்ணெயில் அரை மணி நேரம் போட்டு, திறப்பை உள்ளே விட்டு எடுத்து எடுத்துக் கழுவுங்கள். கறுப்பும் பச்சையுமாகக் களிம்பு கரைந்து வரும். வெளியே எடுத்து உதறி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். பிறகு எண்ணெய்க்குப் பதிலாகப் பென்சில்: 4பி, 6பி மாதிரி மென்மையான பென்சிலைத் திறப்பின் பல்லிலும் பக்கங்களிலும் கறுக்கத் தேய்த்துப் பத்துப் பதினைந்து தரம் உள்ளே விட்டு எடுங்கள். கரித்தூள் வழுக்கும், மணலைப் பிடிக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

வால் முறிந்திருந்தால் சிலிண்டர் மட்டும் தேடி அலைய வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். வாலின் நீளமும் வடிவமும் கம்பனிக்குக் கம்பனி வேறு, ஒன்று தட்டை, ஒன்று அரைவட்டம். ஹார்ட்வெயாரில் குமிழ்ப் பூட்டைப் பெரும்பாலும் முழு செட்டாகத்தான் வைத்திருப்பார்கள். பழைய பூட்டை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், அதோடு மூன்று அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். கதவு விளிம்பிலிருந்து பெரிய துளையின் நடுவுக்கு உள்ள தூரம் முதலாவது, அது வழக்கமாக 60 அல்லது 70 மி.மீ. பெரிய துளையின் விட்டம் அடுத்தது, வழக்கமாக 54 மி.மீ அளவில் இருக்கும். கடைசியாகக் கதவின் தடிப்பு, அனேகமான செட்கள் 35 முதல் 45 மி.மீ வரை ஏற்கும். முதல் அளவு பிழைத்தால் நாக்கு உடலோடு கொக்கி போடாது, மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. சில நாக்குகள் 60க்கும் 70க்கும் இழுத்து மாற்றக்கூடியவை, கடையில் கேட்டு அப்படியானதை வாங்கினால் அளவுப் பயம் இல்லை.

பொருத்தும்போது நாக்குத்தான் முதலில் போக வேண்டும், அதன் சரிந்த முகம் கதவு மூடும் திசையைப் பார்த்திருக்கட்டும். பிறகு வெளிப்பாதியை நுழைக்கும்போது துளைக்குள் எட்டிப் பார்த்து நாக்கின் வால் உடலின் கொக்கிக்குள் விழுந்ததா என்று உறுதிசெய்யுங்கள். உடல் துளையின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் வெளித் தகட்டைச் சுற்றி முன்பின் நகர்த்திச் சரிசெய்யுங்கள், நடுவில் நிற்காத பூட்டு ஒரு வாரத்திலேயே இறுகத் தொடங்கும். இரண்டு ஸ்குரூக்களையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். குளியலறைகளில் போடுகிற பிளாஸ்டிக் கதவாக இருந்தால் இன்னும் கவனம், உள்ளே வெற்றிடம், அதிகம் இறுக்கினால் இரண்டு முகமும் உள்ளே அமுங்கி நாக்கு சிக்கிக்கொள்ளும். கடைசியாகத் தகடு, பிறகு குமிழ், கொக்கி ‘டிக்’ என்று விழும் சத்தம் கேட்கும்வரை தள்ளுங்கள். கதவைத் திறந்து வைத்தபடியே திறப்பால் ஐந்தாறு தரம் பூட்டித் திறந்து பார்த்த பிறகே மூடுங்கள்.

உங்கள் முன்கதவில் குமிழ் இல்லாமல் நீளக் கைபிடியும் அதன் கீழே பேரிக்காய் வடிவத் துளையில் சிலிண்டரும் இருந்தால் அது வேறு வகை, இன்னும் சுலபம். கதவு விளிம்பில், சிலிண்டருக்கு நேரே ஒரு நீண்ட ஸ்குரூ இருக்கும், அதை முழுவதும் கழற்றுங்கள். திறப்பைப் போட்டு நேர்நிலையிலிருந்து மிகச் சிறிதாக, பதினைந்து பாகை அளவு திருப்பினால் நடுவில் உள்ள பல் உடலோடு ஒன்றி மறையும், அப்படியே இழுத்தால் சிலிண்டர் வந்துவிடும். வராவிட்டால் திருப்பிய அளவு கூடியோ குறைந்தோ இருக்கிறது, ஆட்டி ஆட்டிப் பாருங்கள். அந்த வகையில் சிலிண்டர் தனியாகவே விற்பனைக்கு உண்டு. ஸ்குரூத் துளையின் நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் தனித்தனியே அளந்து கேளுங்கள், 30க்கு 30 மி.மீ என்பதும் 35க்கு 35 மி.மீ என்பதும் வழக்கமான அளவுகள்.

வாடகை வீடு என்பதால் கடைசியாக ஒன்று. புது செட் போடுவதானால் முதலில் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடுங்கள், புதிய திறப்பில் ஒன்றை அவரிடம் கொடுங்கள். பழைய பூட்டை ஸ்குரூக்களோடு ஒரு பையில் கட்டி வையுங்கள். அதன் நாக்கு நல்ல நாக்கு, அதே அளவில் இன்னொரு அறைக் கதவின் நாக்கு வில் தளர்ந்தால் இதை எடுத்துப் போடலாம்.